கூடி நாவல் படிப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்லும் கூட்டத்துக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டு, நடுநடுவே நிறுத்திப் பேசி, ஒரு நாவலை இரண்டு மூன்று மாதத்தில் முடிக்கும் முறை இது.

வீட்டில் படித்து வரச் சொன்னால் மூன்றாவது வாரமே பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள். படிக்காதவருக்குக் கூச்சம், நான்காவது வாரம் வரமாட்டார். மிஞ்சுவது ஏற்கெனவே நிறையப் படித்த நான்கு பேர். அவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நம் வேலூர்ப் பக்கத்தில் சத்தமாகப் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் உருது பேசுபவர், தெலுங்கு பேசுபவர், இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் என்று வேலூர், ஆம்பூர், குடியாத்தம் எங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் அவர்கள் காதுக்குச் சரளம், கண்ணுக்குத்தான் தடங்கல். சத்தமாகப் படித்தால் இவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

1. முதலில் மூன்று பேர்

போஸ்டர் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஊருக்கே அழைப்பு அனுப்பாதீர்கள். யார் வராவிட்டாலும் நாங்கள் வருவோம் என்று சொல்லும் மூன்று பேரை முதலில் பிடியுங்கள். மழை, கல்யாணம், காய்ச்சல் என்று ஆள் குறையும் நாட்களில் கூட்டத்தைத் தாங்குவது இவர்கள்தான்.

அந்த மூவரும் ஒரே வயது, ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே ஆபீஸ் என்று இருக்க வேண்டாம். இருந்தால் அடுத்து அவர்கள் அழைத்து வருபவர்களும் அப்படியேதான் இருப்பார்கள். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. ஆண்கள் மட்டும் தொடங்கிய கூட்டத்துக்குப் பிறகு பெண்களை அழைத்தால், வருகிறோம் என்று சொல்வார்கள், வரமாட்டார்கள்.

பிறகு ஆளுக்கு இரண்டு பேரை நேரில் அழைக்கட்டும். ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் பின்வரிசை என்று ஒன்று உருவாகி, அங்கே வேறு பேச்சு ஓட ஆரம்பிக்கும்.

2. நேரம், இடம்

புத்தகம் எது என்று பேசுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நாவல் பிடித்துப்போனவர்கூட நேரம் ஒத்துவராவிட்டால் நின்றுவிடுவார்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது. வெள்ளி மதியம் ஜும்மா. ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கும் வார நாள் மாலை நிச்சயமில்லை. பெரும்பாலும் ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை என்பதில்தான் வந்து நிற்கும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர் இருந்தால் அவருடைய பஸ் நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப முடிவு நேரத்தை வையுங்கள். தொடங்குவது பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை, முடிப்பது தாமதமாகக் கூடாது. வீட்டில் ஆறரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லி வந்த பெண் ஏழரைக்குப் போனால், அடுத்த வாரம் அவருக்கு அனுமதி கிடைக்காது.

வாரம் ஒரு முறை நல்லது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பரவாயில்லை. மாதம் ஒரு முறை வேண்டாம், போன தடவை கதை எங்கே நின்றது என்று நினைவூட்டவே பாதி நேரம் போய்விடும்.

ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, நோன்பு இருப்பவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த மாதம் மட்டும், சர்ச்சுக்குப் போகிறவர்களையும் கேட்டுக்கொண்டு, காலைக்கு மாற்றுங்கள். மார்ச், ஏப்ரல் பரீட்சைக் காலம். பிள்ளைகள் உள்ள வீடுகளில் நகர முடியாது. மே மாதம் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், மொட்டைமாடியும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஆறு மணிக்குக்கூட அனல் கக்கும். புதிதாகத் தொடங்க ஜூன் கடைசி அல்லது ஜூலை சரி.

இடத்துக்கு முதலில் அருகிலுள்ள கிளை நூலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு, அதன் பெயரில் இடம் கேட்பது சுலபம். விடுமுறை நாட்களையும் மூடும் நேரத்தையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி வகுப்பறை, காலியாக இருக்கும் டியூஷன் சென்டர், யாராவது வீட்டுக் கூடம், எல்லாம் சரிவரும். வீடு என்றால் மாறி மாறி வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சூழ்நிலை இருக்கும். எல்லாராலும் எல்லார் வீட்டிலும் சகஜமாகத் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடிகிறதா என்பது நம் ஊரில் இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

கோட்டை முன்னாலுள்ள பூங்காவில் உட்காரலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். பேச நல்ல இடம், படிக்க ஆகாது. ஹாரன் சத்தத்தில் படிப்பவர் கத்த வேண்டியிருக்கும். கத்திப் படித்தால் நாவல் மேடைப்பேச்சு ஆகிவிடும்.

3. நாவலைத் தேர்ந்தெடுப்பது

வாலாஜாப்பேட்டையில் தொடங்கும் மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம்ம மண்ணின் நாவல், அதிலிருந்தே தொடங்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். முதல் நாவல் சிறியதாகவும், வேறு ஊர்க் கதையாகவும் இருக்கட்டும்.

சிறியது ஏன் என்பது புரியும்: ஒரு நாவலைச் சேர்ந்து முடித்தோம் என்ற தெம்பு சீக்கிரம் கிடைக்க வேண்டும். வேறு ஊர் ஏன்? சொந்த ஊர்க் கதையில் வாசகர்கள் தெருவைச் சரிபார்க்கத் தொடங்குவார்கள். அது எந்தத் தெரு, அந்தக் குடும்பம் யார், என்ன ஆட்கள் என்று பேச்சு போகும். தூரத்து ஊர்க் கதை என்றால் அங்கே அப்படியாம் என்று தைரியமாகப் பேசத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் இங்கேயும் அப்படித்தான் என்று தாங்களாகவே வந்து சேர்வார்கள்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) இதற்குப் பொருத்தம். குமரி மாவட்டத்துப் பனை சூழ்ந்த ஊர், ஒரு வீடு, லிஸி என்ற பெண். பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னொன்று. அதைத் தேர்ந்தால் ஒரு எச்சரிக்கை: 2019இல் வந்த ‘அசுரன்’ படம் அதைத் தழுவியதுதான், ஆனால் படம் வேறு, நாவல் வேறு. படம் பார்த்தவர் அடுத்து என்ன வரும் தெரியுமா என்று ஆரம்பித்தால், இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது, மூன்றாவதாகச் சொந்த மண்ணுக்கு வரலாம். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’யும் ‘அகல் விளக்கு’ம் அப்போதுதான் சூடு பிடிக்கும்.

ஓட்டெடுப்பு வேண்டாம். தோற்ற புத்தகத்தைச் சொன்னவர் முதல் நாளே மனம் சுருங்கிவிடுவார். மூன்று பேரும் இரண்டு நாவல்களின் முதல் பத்துப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். வாயில் எது நன்றாக வருகிறதோ அதை எடுங்கள். கண்ணால் படிக்க அருமையாக இருக்கும் சில நாவல்கள் காதுக்கு ஏறுவதில்லை. நீள நீள வாக்கியத்தில் படிப்பவருக்கு மூச்சு வாங்கும்.

4. பிரதிகள்

இரண்டு பேருக்கு ஒரு பிரதி போதும். பகிர்ந்து பார்ப்பதில் ஒரு நெருக்கம் வரும், செலவும் பாதி. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள், பி.டி.எஃப். சுற்றுக்கு விடாதீர்கள். தமிழ் நாவலுக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்சக் காசும் நாலு பிரதி விற்றால்தான். பதிப்பகத்துக்கு போன் செய்தால் தபாலில் அனுப்புவார்கள். நூலகத்தில் ஒன்றிரண்டு கிடைக்கும்.

எல்லாம் ஒரே பதிப்பா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்க எண்ணை மறந்துவிட்டு, இத்தனாவது அத்தியாயம், இன்ன வரியில் தொடங்கும் பத்தி என்று சொல்லிப் பழகுங்கள். பக்கம் தேடுவதிலேயே நேரம் போகும் கூட்டங்கள் உண்டு.

5. நாவலைத் துண்டு போடுவது

முதல் கூட்டத்துக்கு முன்பே மூவரும் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்து போனில் நேரம் பாருங்கள். நிதானமாகப் படித்தால் இரண்டிலிருந்து இரண்டரை நிமிடம் ஆகும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் படிப்புக்கு நாற்பது நிமிடம் என்றால் ஒரு தடவைக்குப் பதினாறிலிருந்து இருபது பக்கம். நூற்றறுபது பக்க நாவல் எட்டிலிருந்து பத்து வாரத்தில் முடியும்.

அத்தியாயம் முடிகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்றில்லை. ஒரு பாத்திரம் முடிவெடுக்கப் போகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினால் பேச்சு தானாக வரும். அந்த இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஒருவர் மட்டும் நாவலை முழுக்க முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். எங்கே கனமான காட்சி வருகிறது, எங்கே கெட்ட வார்த்தை வருகிறது, எங்கே வேகமாகக் கடக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கதையைச் சொல்லிவிடாத ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள்.

6. முதல் கூட்டம்

குத்துவிளக்கு, சால்வை, சிறப்பு விருந்தினர், மைக் எதுவும் வேண்டாம். நம் ஊரில் நாலு பேர் கூடினாலே அது ஒன்று பாராட்டு விழாவாகும், இல்லாவிட்டால் பட்டிமன்றமாகும். இரண்டுமே இங்கே ஆகாது. மேடை என்று ஒன்று வந்தால் கேட்பவர், பேசுபவர் என்று ஆள் பிரிந்துவிடும்.

எல்லோரும் ஒரே உயரத்தில் உட்காருங்கள். யாருக்காவது மூட்டுவலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி. ஒருவர் நாற்காலியிலும் மற்றவர்கள் பாயிலும் என்றால் அவர் தலைவர் ஆகிவிடுவார்.

அறிமுகத்தில் பெயரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வேலை, பதவி, என்னென்ன படித்திருக்கிறேன் என்பதெல்லாம் தொடங்கினால் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பீடி சுற்றும் அக்காவுக்கு வாய் திறக்காது. சார், மேடம் இல்லாமல் அண்ணா, அக்கா, தம்பி, அம்மா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். ரிடையர்டு தலைமையாசிரியரை மட்டும் யாராலும் அண்ணா என்று கூப்பிட முடியாது, அவர் சாராகவே இருக்கட்டும்.

டீயைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். தாமதமாக வருபவர் வந்து சேர அது இடம் கொடுக்கும். நடுவில் கொடுத்தால் பேச்சு ஊர்க்கதைக்குத் தாவி, திரும்பி வராது. சுண்டல், பிஸ்கட்டுக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் ஆம்பூரிலிருந்து பிரியாணி கொண்டு வந்தால் சந்தோஷம்தான், ஆனால் அடுத்த வாரம் யார் முறை என்ற கவலையில் ஓர் ஆள் நின்றுவிடுவார்.

இந்த முதல் நாளிலேயே முதல் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். விதிமுறை பேசுவதில் முதல் நாளைக் கழித்தால் இரண்டாம் நாள் பாதிப் பேர்தான் வருவார்கள்.

7. சத்தமாகப் படித்தல்

படிக்க விருப்பமுள்ளவர் மட்டும் படிக்கட்டும். வரிசையாகப் புத்தகத்தைச் சுற்றி விட்டால், தன் முறை எப்போது வரும் என்ற பயத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ஒரு வரிகூடக் கேட்கமாட்டார். அவர் சில வாரம் கேட்டுவிட்டு, தானாக ஒரு நாள் புத்தகத்தை வாங்குவார். அப்போது தடுமாறினால் யாரும் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

நடிக்க வேண்டாம். குரல் மாற்றி, அழுது, சிரித்துப் படித்தால் கேட்பவர் தாமாக உணர இடமிருக்காது. வானொலிச் செய்தியைவிடக் கொஞ்சம் நிதானமாக, அவ்வளவுதான்.

குமரியோ கரிசலோ, வட்டார வழக்கு நம் பக்கத்து வாய்க்கு முதலில் இடறும். சொல் புரியாத இடத்தில் நிற்காதீர்கள். பத்துப் பக்கம் போனால் முக்கால்வாசிச் சொற்கள் இடத்தை வைத்தே புரிந்துவிடும். மிச்சத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

8. கேள்விகளின் வரிசை

எல்லாப் படிகளிலும் அதிகம் பிசகுவது இதில்தான். புதிதாக நடத்துபவர் முதலில் கேட்பது, “இந்த நாவல் என்ன சொல்ல வருது?” கேட்டதும் அறை அமைதியாகிவிடும், அல்லது ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். அடுத்து கேட்பது, “உங்க வாழ்க்கையில இப்படி நடந்திருக்கா?” அது இன்னும் மோசம். கூப்பிட்டு வைத்து அந்தரங்கம் கேட்டால் யார் சொல்வார்கள்?

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில், எந்த வரி நின்றது? படித்ததில் காதில் தங்கிய ஒரு வரியை, ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். இதில் தப்பான விடை என்று எதுவும் கிடையாது, அதனால் கடைசி ஆளுக்கும் வாய் திறக்கும்.

இரண்டாவது, அங்கே என்ன நடந்தது? யார், யாரிடம், எதற்குப் பிறகு? சுலபமான கேள்வி போலத் தெரியும். ஆனால் ஒரே காட்சியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். உடனே புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். நாம் படித்ததில் நாமே எவ்வளவு சேர்த்துக்கொண்டோம் என்று அவரவருக்குத் தெரியும் இடம் இது. தன்னைப் பார்த்துக்கொள்வது இங்கேதான் தொடங்குகிறது, யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.

மூன்றாவது, அந்தப் பாத்திரத்துக்கு வேறு வழி இருந்ததா? இங்கேதான் நிறைய நேரம் கொடுங்கள்.

நான்காவது கேள்வியை நீங்கள் கேட்கக் கூடாது, அது வர வேண்டும். ‘புத்தம் வீடு’ நாவலில் லிஸி பெரியவளானதும் படிப்பு நின்று வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். மூன்றாவது கேள்வியை அங்கே வையுங்கள். அவள் அம்மா என்ன செய்திருக்கலாம், தாத்தா என்ன செய்திருக்கலாம் என்று பேச்சு ஓடும்போது, யாராவது ஒரு அக்கா “என்னையும் எட்டாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க” என்பார். நேராகக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார். அதே அறையில் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவும் இருக்கலாம். அவரிடம் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

‘அகல் விளக்கு’ போன்ற நாவலுக்கு வேறொரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் சந்திரனின் கதையை நண்பன் வேலய்யன்தான் சொல்கிறான். சந்திரனே சொல்லியிருந்தால் இது எப்படி இருந்திருக்கும்? இதைக் கேட்காவிட்டால், ஒழுக்கமானவன் பிழைத்தான், தறிகெட்டவன் கெட்டான் என்று நாவல் ஒரே வரியில் முடிந்துவிடும். கேட்டால், நாம் நம் நண்பர்களைப் பற்றி எப்படிக் கதை சொல்கிறோம் என்ற யோசனை வரும்.

கூட்டம் இரண்டு அணியாகப் பிரிந்து, செய்தது சரி, இல்லை தப்பு என்று மோதினால், அதுதான் நான் சொன்ன பட்டிமன்றம். அதை நிறுத்த ஒரே வழி, யார் எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பது.

அதிகம் பேசுபவரை அடக்குவது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். அடக்க வேண்டாம், வேலை கொடுங்கள். நேரம் பார்க்கும் பொறுப்பை அந்த ரிடையர்டு தலைமையாசிரியர் சாரிடம் கொடுத்துப் பாருங்கள், அவரே சுருக்கிக்கொள்வார்.

9. வாழ்க்கை உள்ளே வரும்போது

ஒருவர் தன் கதையைச் சொல்லிவிட்டால், அடுத்த ஒரு நிமிடம் முக்கியம். நம் பழக்கத்தில் உடனே மூன்று ஆலோசனை வரும்: நீங்க அப்பவே போலீஸுக்குப் போயிருக்கலாம், எங்க அத்தைக்கும் இப்படித்தான், எல்லாம் கடவுள் பார்த்துக்குவார். மூன்றும் வேண்டாம். சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, மெதுவாகப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். திரும்பாவிட்டால், சொன்னவர் வீட்டுக்குப் போனதும் ஏன் சொன்னோம் என்று குமைவார்.

அறையில் சொன்னது அறையோடு. வேலூர் சின்ன ஊர்; சத்துவாச்சாரியில் சொன்னது காட்பாடிக்கு பஸ் வருவதற்குள் போய்விடும். இந்த ஒரு விதியை மட்டும் மாதம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாதி வரும். தமிழ் நாவலில் வராமல் இருக்காது. அப்போது தலித் உறுப்பினர் பக்கம் திரும்பி, உங்க பக்கம் எப்படி என்று கேட்டுவிடாதீர்கள். அவர் நாவல் படிக்க வந்தவர், சாட்சி சொல்ல வந்தவர் இல்லை. கேள்வியை மற்றவர்கள் பக்கம் திருப்புங்கள்: இந்தக் காட்சியில் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் யார் யார்? பெரும்பாலும் நாம் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறோம் என்று தெரியவரும்.

நாவல் படிப்பது வைத்தியம் இல்லை. ஒருவர் தொடர்ந்து உடைந்து போகிறார், சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் தனியே கூப்பிட்டுப் பேசி, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 கொடுங்கள், மனநல மருத்துவரிடம் போகத் துணையாக ஆள் அனுப்புங்கள். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கான உதவி எண் 181. இந்த இரண்டு எண்களையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது, தேவைப்படும் நேரத்தில் தேட முடியாது.

10. கடைசி ஐந்து நிமிடம்

முடிக்கும் முன் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. தேதி, ஒரு வரி, அதைப் படித்ததும் தோன்றியது. யாருக்கும் காட்ட வேண்டாம். எழுத வராதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

பேச்சில் சொல்லாதது நோட்டில் வரும், அதற்காகத்தான் இது. வீட்டில் போய் எழுதச் சொன்னால் யாரும் எழுதுவதில்லை.

11. நடுவில் தொய்வு

மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் ஆள் குறையும். நாவலும் பெரும்பாலும் அங்கேதான் மெதுவாகப் போகும். பயந்து புத்தகத்தை மாற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் துண்டைப் பாதியாகக் குறைத்துப் பேச்சுக்கு நேரம் கூட்டுங்கள்.

வராதவரை வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். மூவரில் ஒருவர் போன் செய்து, கதை எங்கே நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடட்டும். ஏன் வரவில்லை என்ற கேள்வியே வேண்டாம். குரூப்பில் நேரமும் இடமும் தவிர வேறெதுவும் கூடாது. குட் மார்னிங் படங்களில் புதைந்துதான் பல நல்ல கூட்டங்கள் போய்ச் சேர்ந்தன.

12. முடித்த பிறகு

கடைசிப் பக்கத்தைப் படித்த அன்று விவாதம் வைக்காதீர்கள். வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வாரம் வந்து முதல் அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அதே வரி இப்போது வேறாகக் கேட்கும், அதிலிருந்தே பேச்சு கிளம்பும்.

புதியவரை நாவலின் நடுவில் சேர்க்க வேண்டாம், புது நாவல் தொடங்கும் நாளில் சேருங்கள். அடுத்த புத்தகத்துக்கு முன் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், மூவரில் ஒருவர் விலகி வேறொருவர் அந்த இடத்துக்கு வரட்டும். ஆள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் காட்பாடிப் பக்கம் ஒன்று, பாகாயம் பக்கம் ஒன்று என்று பிரித்துவிடுங்கள். பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.